உங்கள் மச்சானின் கை

786

மண்ணரை, திருப்பூர்
5.2.1989

அன்புள்ள கியாசுதீன் அண்ணனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். தங்கை நசீமா எழுதுவது. நானும் உங்கள் மச்சானும் மகள் குல்சாரும் அல்லாஹ்வின் கிருபையால் சுகமாக இருக்கிறோம். தம்மாமில் நீங்களும் வேளைக்குச் சாப்பிட்டு, உடம்பைப் பார்த்துக்கொண்டு இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

கடிதத்தைப் பிரித்ததும், மச்சானின் முத்து முத்தான எழுத்தைக் காணோமே, இது யாருடைய கோழிக் கிறுக்கல் என்று நினைத்திருப்பீர்கள். சிரிக்காதீர்கள். என்னை எட்டாம் வகுப்போடு நிறுத்தியது நீங்களும் அத்தாவும்தான். இனிமேல் நான்தான் எழுதுவேன். உங்கள் மச்சானால் எழுத முடியவில்லை.

ஒரு வருடமாகவே அவருக்குக் கை நடுங்குகிறது. வலது கை அதிகம், இடது கொஞ்சம். மடியில் சும்மா வைத்திருந்தால் ஒன்றுமே இல்லை. ஒரு வேலைக்கு எடுத்தால்தான் ஆட்டம். டம்ளரைத் தூக்கினால் பாதி தேநீர் சட்டைக்குப் போகிறது. சோற்றை வாய்க்குக் கொண்டுபோவதற்குள் சிந்திவிடுகிறது என்று, விருந்து வீடுகளுக்குப் போவதையே நிறுத்திவிட்டார். வெளிநாட்டில் இருக்கிற உங்களுக்குக் கவலை வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை.

அர்த்தநாரி கவுண்டர் கம்பெனியில் அவர் கட்டிங் மாஸ்டர் அல்லவா? பனியன் துணியை அடுக்கடுக்காக விரித்து, மேலே அட்டையை வைத்துக் கோடு போட்டு, அந்தக் கோட்டிலேயே கத்தி போக வேண்டும். கழுத்து வளைவில் கை ஓர் இழை விலகினால் அந்த அடுக்கு முழுவதும் வீண். டாக்டர் நரம்புத் தளர்ச்சி என்று சொல்லி ஊசி போட்டார், பலன் இல்லை. தர்காவில் கயிறு ஓதிக் கட்டினோம். மச்சான் கம்பெனிக்குப் போகும்போது முகத்தைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருக்கும்.

இப்போது நல்ல செய்திக்கு வருகிறேன். அவர் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று பக்கத்து வீட்டு மருதம்மாளிடம் சொன்னேன். பசி எடுக்க ஓர் அரிஷ்டம் இருக்கிறது, நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் என்றாள். வாங்கினேன். சாப்பாட்டுக்கு முன்னால் அரை டம்ளர் குடித்தார். கொஞ்ச நேரம் கழித்துத் தட்டின் முன்னால் உட்கார்ந்தவர் ஒரு பருக்கை சிந்தாமல் சாப்பிட்டார். நானும் குல்சாரும் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தோம். அவருக்கே நம்பிக்கை வரவில்லை. தண்ணீர்ச் செம்பைத் தூக்கிக் காட்டச் சொல்லி குல்சார் அடம் பிடித்தாள். தூக்கினார், அசையவில்லை.

காலையும் மதியமும் இப்போது அதைக் குடித்துவிட்டுத்தான் வேலைக்கு நிற்கிறார். வெட்டு பழையபடி சுத்தமாக விழுகிறதாம். தர்காவில் நேர்ச்சை கொடுத்து ஏழைகளுக்குச் சோறு போட்டோம். கைக்கே இவ்வளவு கேட்கிறது, முழங்காலுக்குக் கேட்காதா என்று, வலியால் அவதிப்படும், பள்ளிவாசலில் பாங்கு சொல்கிற மோதினாருக்கும் ஒரு பாட்டில் வாங்கிக் கொடுத்திருக்கிறார். நன்மையில் பங்கு வேண்டுமாம் அவருக்கு.

நீங்கள் உம்ராவுக்கு மக்கா போகும்போது மச்சானுக்காக இரண்டு ரக்அத் நன்றித் தொழுகை தொழுங்கள். குல்சார் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் படிக்கிறாள், மாமாவுக்கு சலாம் சொன்னாள்.

வஸ்ஸலாம்.
உங்கள் தங்கை
நசீமா


786

மண்ணரை
20.11.1989

அன்புள்ள அண்ணனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நலம் விசாரித்த கடிதமும், ஆள் மூலம் அனுப்பிய சாமான்களும் வந்து சேர்ந்தன. உம்ரா செய்து மச்சானுக்காக நன்றி சொல்லி அழுததாக எழுதியிருந்தீர்கள். அதைப் படித்து நானும் அழுதேன். என் அழுகை வேறு.

அரிஷ்டம் கதையைக் கேளுங்கள். மோதினார் பாவம், வயதானவர். மழைக்கால வலிக்கு ஒரு நாள் மதியம் கொஞ்சம் தாராளமாகக் குடித்திருக்கிறார். அஸர் தொழுகை நேரம் வந்தது, பாங்கு வரவில்லை. ஆட்கள் போய்ப் பார்த்தால் அறையில் குறட்டை விட்டுக்கொண்டு தூங்குகிறார், வாயெல்லாம் வாடை. பாட்டிலைத் தூக்கிக்கொண்டு மருந்துக் கடைக்குப் போய் விசாரித்தார்கள். மூலிகையை ஊற வைத்துப் புளிக்கவிடும்போது அதில் போதை தானாகவே சேரும் என்று கடைக்காரர் சொல்லிவிட்டார். யார் கொடுத்தது என்று கேட்க, பசீர் பாய் என்று உங்கள் மச்சானின் பெயரை மோதினார் சொல்லிவிட்டார்.

உங்கள் மச்சான் நம்பவில்லை. கம்பெனியில் முதலாளியிடமே கேட்டிருக்கிறார். அர்த்தநாரி கவுண்டர் சிரித்துக்கொண்டே, "ஏனுங்க மாஸ்டர், தெரியாமயா குடிச்சீங்க? உங்க கை நின்னது மூலிகையிலீங்களா? அதுல இருக்கற சாராயத்துலீங்க" என்றாராம். வீட்டுக்கு வந்தவர் தொண்டைக்குள் விரலை விட்டு வாந்தி எடுத்தார். இருந்த பாட்டில்களை உடைத்தார். குளித்துவிட்டுத் தொழுகை விரிப்பில் உட்கார்ந்தவர், குல்சார் கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை. தெரியாமல் செய்ததற்குக் குற்றமில்லை என்று பள்ளிவாசல் ஹஜ்ரத் சொல்லிவிட்டார். ஜமாஅத்திலும் யாரும் திட்டவில்லை. ஆனால் தெருவில் ‘அரிஷ்டம் பசீர்’ என்று பெயர் ஒட்டிக்கொண்டது. சின்னப் பிள்ளைகள்கூடச் சொல்கிறார்கள்.

விட்டதும் நடுக்கம் முன்னைவிட அதிகமாகத் திரும்பி வந்தது. ஒரு பெரிய ஆர்டரில் கழுத்தெல்லாம் கோணலாகிவிட்டது. முதலாளி கோபிக்கவில்லை. வெட்டிய துணியைக் கட்டு கட்டுகிற வேலைக்கு மாற்றினார். கட்டிங் மாஸ்டர் கட்டு கட்டினார், அண்ணா. அதிலும் முடிச்சு விழவில்லை என்று பக்கத்தில் துணி மடித்துக் கொடுக்கிற கைமடிப் பெண்கள் வாங்கிக் கட்டிக் கொடுத்தார்களாம். அதைச் சொல்லும்போது அவர் சிரிக்கப் பார்த்தார்.

போன மாதம் கப்பலுக்குப் போக வேண்டிய சரக்கு. புதிதாக வந்த மாஸ்டர் பாதியில் ஓடிவிட்டான். கவுண்டர் இவரை ஆபீஸ் ரூமுக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தி, ஒரு பிராந்தி பாட்டிலை எடுத்து வைத்து, "மருந்துன்னு நெனச்சு ஒரு மூடி போட்டுக்குங்க மாஸ்டர். உங்க கையை விட்டா எனக்கு வேற கையில்லீங்க" என்று கெஞ்சினாராம். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவருக்கும் பிழைப்பு. இவரும் குடித்தார். கை இரும்பு மாதிரி நின்றது, சரக்கும் போய்விட்டது.

அன்றிலிருந்து வேலைக்கு நிற்கும் முன்னால் ஒரு மூடி. அதைவிட எனக்குத் தாங்காதது வேறு. ஒரு வாய் மது குடித்தவனுக்கு நாற்பது நாள் தொழுகை ஏற்கப்படாது என்று பயானில் கேட்டதை மனதில் வைத்துக்கொண்டு, பள்ளிவாசலுக்குப் போவதையே நிறுத்திவிட்டார். ஏற்கப்படாவிட்டாலும் தொழுவது கடமைதான் என்று ஹஜ்ரத் ஆள் அனுப்பிச் சொன்னார். நானும் சண்டை போட்டேன். "நாறுற வாயோட அவன் முன்னாடி போய் நிக்கச் சொல்றியா?" என்று கேட்கிறார். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குத் தெருவே கிளம்பிப் போகும். இவர் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருப்பார். குடிக்காகப் பள்ளியை விட்டான் என்று ஊர் சொல்கிறது.

நீங்கள் கோபப்படுவீர்கள் என்று தெரியும். கோபத்தை எனக்கு எழுதுங்கள், அவருக்கு எழுத வேண்டாம். அவர் கைக்கு ஏதாவது வழி பிறக்க துஆ செய்யுங்கள்.

வஸ்ஸலாம்.
நசீமா


786

மண்ணரை
10.11.1991

அன்புள்ள அண்ணனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் கடிதம் கிடைத்தது. குடிகாரனோடு குப்பை கொட்டியது போதும், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு உடுமலைக்கு அண்ணியிடம் போய்விடு என்று எழுதியிருக்கிறீர்கள். நல்ல யோசனைதான், பாலைவனத்தில் உட்கார்ந்துகொண்டு சொல்வதற்கு. என்னை அடித்தாரா, ஏசினாரா, வீட்டுக்குச் சாமான் வாங்கிப் போடாமல் இருந்தாரா? குடித்துவிட்டு அவர் ஆடி நீங்கள் பார்த்ததில்லை. நானும் பார்த்ததில்லை. குடிக்காதபோதுதான் அவர் ஆடுகிறார்.

ஒரு மூடி இப்போது கால் பாட்டிலாகிவிட்டது. முன்பு ஒரு மூடிக்கு மதியம் வரை நின்ற கை, இப்போது பத்து மணிக்கே ஆரம்பிக்கிறது. காலையில் எழுந்ததும் பார்க்க முடியாது. பல் விளக்கும்போது பிரஷ் ஈறில் குத்தி ரத்தம் வருகிறது. பார்க்கிற எல்லோரும், குடித்துக் குடித்துக் கை நடுங்குகிறது என்கிறார்கள். நடுங்கியதால் குடித்தார் என்று எத்தனை பேரிடம் சொல்வது? சொன்னாலும், குடிகாரன் பொண்டாட்டி வேறென்ன சொல்வாள் என்று உதட்டைச் சுழிக்கிறார்கள்.

போன மாதம் கோயமுத்தூரில் ஒரு பெரிய நரம்பு டாக்டரிடம் கூட்டிப்போனேன். எல்லோரும் குடிப்பதால்தான் நடுங்குகிறதா என்று கேட்பார்கள். இந்த டாக்டர் ஒருவர்தான், குடித்தால் நடுக்கம் நிற்கிறதா என்று கேட்டார். உங்கள் மச்சான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் நிறைந்துவிட்டது. இந்த நடுக்கம் தனி வியாதி, குடியால் வந்ததல்ல என்றார் டாக்டர். நிறையப் பேருக்குக் கொஞ்சம் மது உள்ளே போனால் சற்று நேரம் அடங்குமாம். இறங்கியதும் முன்னைவிட மோசமாக வருமாம். கந்து வட்டிக்கு வாங்கிச் சாப்பிடுகிற மாதிரி, நாளாக நாளாக அளவு கூடும், கடைசியில் ஈரல் போய்விடும், குடியால் வருகிற நடுக்கமும் சேர்ந்துகொள்ளும் என்று படித்துப் படித்துச் சொன்னார்.

இதற்கென்று ஒரு மாத்திரை இருக்கிறதாம். ஆனால் இவருக்குப் பஞ்சுத் தூசியில் வந்த இளைப்பு இருக்கிறதே, அந்த மாத்திரையைக் கொடுத்தால் மூச்சு அடைத்துவிடும் என்று கொடுக்கவில்லை. வேறொன்று எழுதிக் கொடுத்தார். அதைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனவர், கட்டிங் மிஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்றபடி கண் சொருகிவிட்டார். விரல் தப்பியது அல்லாஹ்வின் காவல். அதோடு அந்த மாத்திரையும் போயிற்று. வேறு வழி இப்போதைக்கு இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

இன்னொன்றும் சொன்னார். இது ரத்தத்தில் வருகிறதாம். மாமனார் கடைசிக் காலத்தில் இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்துத்தான் குடிப்பார். நாங்கள் வயது என்று நினைத்தோம். பிள்ளைக்கு வரலாம், வராமலும் போகலாம், பாதிக்குப் பாதி என்றார் டாக்டர். வரும்போது பஸ்ஸில் உங்கள் மச்சான், அவிநாசி தாண்டியதும், "இத யாருகிட்டயும் சொல்லாத நசீமா" என்றார். உங்களுக்கு மட்டும் எழுதுகிறேன். படித்ததும் கிழித்துப் போட்டுவிடுங்கள்.

ஏனென்றால் குல்சாருக்குச் சம்பந்தம் வந்திருக்கிறது. நெருப்பெரிச்சலில் சொந்தமாகத் தையல் யூனிட் வைத்திருக்கிறார்கள். மாப்பிள்ளை பெயர் நூருல்லா, தங்கமான பையன். தாயார் அஜீஸுன்னிசா அம்மாள் கறாரானவர். பெண்ணைப் பிடித்திருக்கிறது, தகப்பனைப் பற்றித்தான் ஊரில் ஒரு மாதிரி சொல்கிறார்களே என்று முகத்துக்கு நேராகவே கேட்டார். உங்கள் மச்சான் உள்ளே இருந்து வந்து, "விட்டுடறேங்க. நிக்காஹ்ல சுத்தமான வாயோடதான் உக்காருவேங்க" என்று சொன்னார். அவர்களும் சரி என்றார்கள்.

நிக்காஹ் பிப்ரவரியில் வைத்திருக்கிறது. அதற்கு முன்னால் நாற்பது நாள் ஒரு சொட்டு இல்லாமல் இருந்து, தொழுது, மகளின் பொறுப்பாளராக, வலியாக உட்கார்ந்து மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக் கொடுக்க வேண்டும். அவருக்கு இப்போது வேறு ஆசையே இல்லை. உங்கள் கபீல் முதலாளி லீவு தரமாட்டான் என்று எழுதியிருக்கிறீர்கள். இன்னொரு முறை கேட்டுப் பாருங்கள். நீங்கள் பக்கத்தில் இருந்தால் அவருக்குத் தைரியமாக இருக்கும், எனக்கும்தான்.

வஸ்ஸலாம்.
நசீமா


786

மண்ணரை
2.8.1992

அன்புள்ள அண்ணனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். குல்சாரின் நிக்காஹைப் பற்றி விவரமாக எழுதவில்லை என்று இரண்டு கடிதத்தில் கோபித்துக்கொண்டீர்கள். நடந்தது, நன்றாக இருக்கிறார்கள் என்று எழுதினேன். அதற்கு மேல் எழுத அப்போது மனது வரவில்லை. நீங்கள் ஊருக்கு வரப்போவதால் இப்போது எழுதியே ஆக வேண்டும்.

நாற்பது நாளும் அவர் குடிக்கவில்லை. வேலைக்கும் போகவில்லை, போய்ப் பயனும் இல்லை. முதல் வாரம் உடம்பெல்லாம் உதறியது, தூக்கம் இல்லை. அது அடங்கியது. கை மட்டும் அடங்கவில்லை. டாக்டர் சொன்னது உண்மை என்று எங்களுக்கு அப்போது இன்னும் நன்றாக விளங்கியது. நான்தான் ஊட்டிவிட்டேன். நாற்பது முடிந்த அன்று விடியற்காலை பஜ்ருக்குப் பள்ளிவாசலுக்குப் போனார். திரும்பி வந்தவரின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும், அண்ணா. கல்யாணமான புதிதில்தான் அந்த முகத்தை நான் பார்த்திருக்கிறேன்.

மறுநாள் நிக்காஹ். நாங்கள் பெண்கள் திரைக்குப் பின்னால் இருந்தோம். திரை விலகிய இடத்தில் எனக்கு எல்லாம் தெரிந்தது. ஹஜ்ரத் இவருடைய வலது கையையும் மாப்பிள்ளையின் வலது கையையும் சேர்த்து வைத்தார். வைத்ததும் ஆரம்பித்துவிட்டது. இவர் அடக்கப் பார்க்கப் பார்க்க அதிகமாயிற்று. மாப்பிள்ளையின் கை, தோள், தலையில் இருந்த பூச்சரம் வரை ஆடியது. ஹஜ்ரத் நிக்காஹ் குத்பாவை ஓதி முடிக்கும் வரை சபையில் எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளையின் பெரியப்பா, "பெத்த மக நிக்காஹ் அன்னிக்குக்கூட விட முடியலீங்களா?" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கேட்டார்.

திரையைக் கிழித்துக்கொண்டு போய், அவர் வாயை முகர்ந்து பாருங்கள் என்று கத்த வேண்டும் போல இருந்தது. உங்கள் மச்சான் நிமிர்ந்து பார்த்தார். ஏதோ சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். மறுபடி தலையைக் குனிந்துகொண்டு, "மன்னிச்சுக்குங்க" என்று மட்டும் சொன்னார். ஜமாஅத் புத்தகத்தில் கையெழுத்துப் போட முடியாமல் கட்டைவிரல் ரேகை வைத்தார். அந்த எழுத்துக்காரர், அண்ணா.

குடித்துவிட்டு வந்திருந்தால் கை நின்றிருக்கும். ஏலக்காயை மென்றுகொண்டு உட்கார்ந்திருந்தால் திருந்திவிட்டார் என்று எல்லோரும் பாராட்டியிருப்பார்கள். ஏன் வாயை மூடிக்கொண்டிருந்தீர்கள், குடிக்கவில்லை, வியாதி என்று சொன்னால் என்ன என்று மறுநாள் அவரிடம் சண்டை போட்டேன். "குடிகாரன்னா அது என்னோட போயிரும். வியாதின்னு சொன்னா குல்சாரையும் புடிச்சுக்கும்" என்றார்.

அது எவ்வளவு சரி என்று பிறகுதான் தெரிந்தது. வலீமா விருந்து முடிந்த வாரத்தில் அஜீஸுன்னிசா அம்மாள் சிரித்துக்கொண்டே சொன்னார், குல்சார் விருந்தாளிகளுக்குத் தேநீர் கொண்டுவந்தால் சாசர் கிடுகிடு என்று ஆடுகிறதாம், புதுப்பெண் பயம் இன்னும் போகவில்லையாம். நானும் சிரித்தேன். போன மாதம் குல்சார் இங்கே ஒரு பகல் வந்து இருந்தாள். ஊசியில் நூல் கோக்க நான் கொடுத்தபோது வாங்கினாள். ரொம்ப நேரம் முயன்றாள். அவள் அத்தா எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். நூல் கோக்காமலே ஊசியை என்னிடம் தந்துவிட்டு, கண் சரியாகத் தெரியவில்லை அம்மா என்றாள். இப்போது அவளுக்கு ஐந்தாவது மாதம்.

உங்கள் மச்சான் மறுபடி கம்பெனிக்குப் போகிறார், மறுபடி குடிக்கிறார். முன்பு பாட்டிலைத் துணியில் சுற்றி மறைத்து எடுத்துப் போவார். இப்போது மறைப்பதில்லை. நெருப்பெரிச்சல் ஆட்கள் வந்துபோகிற கடையிலேயே நின்று வாங்குகிறார். பள்ளிவாசலுக்குப் போவதில்லை. கால் வீங்க ஆரம்பித்திருக்கிறது. டாக்டரிடம் போகலாம் என்றால் எதற்கு என்று கேட்கிறார்.

அண்ணா, ரபீஉல் அவ்வல் மாதம் லீவில் வருவதாக எழுதியிருக்கிறீர்கள். தாய்மாமன் நீங்கள் நெருப்பெரிச்சலுக்குப் போகாமல் இருக்க முடியாது. மச்சானும் உங்களுடன் வருவார். பேச்சு எப்படியும் அவருடைய குடியில்தான் வந்து நிற்கும். உங்களுக்கு முன்கோபம், உண்மையும் தெரியும். அங்கே வாயைத் திறந்து, டாக்டர் சொன்னதைச் சொல்லிவிடாதீர்கள். சொன்னால் அடுத்த நிமிடம் எல்லோருடைய கண்ணும் குல்சாரின் கைக்குப் போகும், பிறகு அவள் வயிற்றுக்குப் போகும்.

ஆமாம், இவர் திருந்தாத ஆள்தான் என்று நீங்களும் சேர்ந்து இரண்டு வார்த்தை திட்டிவிடுங்கள். கொஞ்சம் பலமாகவே திட்டுங்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டு இருப்பார். பார்த்து இரக்கப்பட்டுப் பாதியில் நிறுத்திவிட வேண்டாம். இதை எழுதச் சொன்னவரே அவர்தான். பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார், உங்களுக்கு சலாம் சொல்கிறார்.

அல்லாஹ் உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

வஸ்ஸலாம்.
உங்கள் தங்கை
நசீமா